பயந்தால் திறக்கும் கொக்கி

மற்றவர்கள் பயந்தால் முகம் வெளிறும், நாக்கு குழறும். கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தால் அதையும் ஓர் இருமலில் மறைத்துவிடலாம். டிரில் மாஸ்டரின் மருமகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் பயந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். கையில் ஏதாவது பிடித்திருந்தால், கூடவே அது கீழே விழுகிற சத்தமும் கேட்கும்.

சத்தம் வருவது இடது கையிலிருந்து. முழங்கைக்குக் கீழே நாலு விரல் அளவுக்குத்தான் அது அவனுடைய சொந்தக் கை. மிச்சம் பிளாஸ்டிக் குழல். குழலின் முனையில், இரண்டு விரல்களை வளைத்து வைத்ததுபோல ஓர் எஃகுக் கொக்கி. ஒரு விரல் அசையாது, மற்றது திறந்து மூடும். அதை எப்போதும் மூடியே வைத்திருப்பவை அடியில் மாட்டியிருக்கும் தடித்த ரப்பர் வளையங்கள். திறப்பதற்கு ஒரு கம்பி. கம்பி கையின் மேலாக ஏறி, முதுகில் குறுக்காகப் போகும் பட்டையில் முடிகிறது. பட்டை வலது தோளை வளைத்துக்கொண்டிருக்கிறது. தோளை முன்னால் குறுக்கினால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். தளர்த்தினால் ரப்பர் இழுத்து மூடிக்கொள்ளும், ‘டக்’. பேட்டரி கிடையாது, சார்ஜ் ஏற்ற வேண்டாம். சைக்கிள் பிரேக்குக்கு எவ்வளவு மூளையோ அவ்வளவுதான் அதற்கும்.

பொருத்திக் கொடுத்த டெக்னீஷியன் பொறுமைசாலி. சட்டைப் பொத்தான் போடுவது, பாட்டிலை இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகுவது, குடை பிடிப்பது, செருப்பு வாரை இழுத்து மாட்டுவது என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பழக்கிவிட்டார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மனிதன் திடுக்கிட்டால் முதலில் குறுகுவது தோள்தான். அதை அவனே பால் பாத்திரத்தைத் தெருவில் போட்டுத் தெரிந்துகொண்டான். அன்றைக்குக் குரைத்த நாய் பாலை நக்கிவிட்டு நிம்மதியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு வீட்டில் அவனுக்கு ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனது. டிவியில் பேய்ப்படம் ஓடும்போது, “நான் ஒண்ணும் பயப்படல” என்பான். ‘டக்’ என்று கேட்கும். நர்ஸ் வேலை பார்க்கும் அவன் மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “கொக்கி சொல்லிடுச்சு, நீங்க சும்மா இருங்க” என்பாள். சீட்டாட்டத்துக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் ஜெயிப்பது சுலபம் என்பதால் மைத்துனன் மட்டும் கூப்பிடுவான்.

கை போனது அச்சகத்தில், காகிதம் வெட்டும் மெஷினில். இப்போது வீட்டுக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அங்கே கொக்கி ராஜா. மெஷினுக்குள் சிக்கிக்கொண்ட காகிதத்தைச் சூடு ஆறும்வரை காத்திராமல் உள்ளே விட்டு இழுத்துவிடும். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கும். கட்டுக்கட்டாகக் காகிதம் தூக்கும். ஒருமுறை கம்பியின் முனை தேய்ந்து அறுந்தபோது தெருமுனை சைக்கிள் கடைக்காரர் பிரேக் கம்பி ஒன்றை வெட்டிப் போட்டு, ஒரு சின்னப் பின்னை மாட்டி அதைக் கொக்கியோடு இணைத்துக் கொடுத்தார். பின்னின் தலையில் இழுக்க வசதியாக ஒரு வளையம்.

“இந்தப் பின்ன உருவிட்டீங்கன்னா கம்பி தனி, கொக்கி தனி சார். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் தெறக்காது” என்றார் அவர்.

“அப்படி எதுக்குங்க உருவணும்” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான்.

மாமனார் விஷயத்துக்கு வருவோம். டிரில் மாஸ்டர் என்றால் அந்தக் காலத்துப் பையன்களுக்கு இன்றைக்கும் முதுகு நிமிரும். பயந்தவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. மதில் ஏறத் தயங்கிய பையனை மதில்மேல் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர். அப்படிப்பட்டவருக்கு வாதம் வந்து இடது காலும் இடது கையும் விழுந்துவிட்டன. மகள் வீட்டுக் கட்டிலில் படுத்துவிட்டார். குரலும் இறங்கிவிட்டது. ஆனால் கழுத்தில் விசில் இருந்தது. தண்ணீர் வேண்டுமா, விசில். மின்விசிறி வேண்டுமா, விசில். சானல் மாற்ற வேண்டுமா, இரண்டு விசில். மூன்றாம் மாடியில் அவர் ஊதினால் எதிர்க்கடை ஜெராக்ஸ் மெஷின் முன்னால் மருமகனுடைய கொக்கி திறந்து காகிதம் பறக்கும், ‘டக்’ என்று மூடும்.

“மாப்ளைக்கு ரெண்டு கை இருந்தப்பவே தொடைநடுக்கம்தான். இப்ப அதுக்கு மணி வேற கட்டிவிட்டுட்டாங்க” என்பார் வருகிறவர்களிடம்.

அந்தக் கொக்கியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. சாப்பாடு ஊட்டும்போது கிண்ணம் கொக்கியில் இருந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். “அந்தச் சாமான் என்மேல படாம பாத்துக்கங்க மாப்ள” என்பார். மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது. வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அந்த மரியாதையில்தான் விஷம்.

அன்றைக்கும் மதியம் கடையை மூடிவிட்டு மருமகன் மாடி ஏறி வந்தான். காலையில் மனைவி போகிறபோது, “அப்பாவுக்கு நகம் வளந்துருக்குங்க, வெட்டிவிட்டுடுங்க” என்று சொல்லியிருந்தாள். சூப் கொடுத்துவிட்டு வெட்டலாம் என்று கிண்ணத்தைக் கொக்கியில் மாட்டி, வலது கையால் கரண்டியை எடுத்தான். மின்விசிறி நின்றது. கரெண்ட் போவது புதிதில்லை என்பதால் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

“என்னமோ கருகுது மாப்ள” என்றார் மாமனார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

“அது என் சட்டை வாசனை மாமா. மெஷின்கிட்டயே நின்னா இப்படித்தான்.”

அது உண்மையும்தான். சூடான பிளாஸ்டிக் வாசனை அவன் சட்டையில், தலைமுடியில், தலையணையில் எல்லாம் உண்டு. மூக்கு மரத்துப்போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்போதே எழுந்து போய்ப் பார்த்திருப்பார்கள். இவன் இன்னும் நாலு கரண்டி ஊட்டினான். அந்த நாலு கரண்டி நேரத்துக்காகத் தன்னையே அடித்துக்கொள்ளலாம் என்று பிற்பாடு அவனுக்குத் தோன்றியது.

கதவுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று தவழ்ந்து உள்ளே வந்தபோதுதான் புரிந்தது. ‘டக்.’ கிண்ணம் தரையில் விழுந்து உடைந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். படிக்கட்டு முழுவதும் புகை. கீழேயிருந்து மேலே கொதித்துக்கொண்டு வந்தது. எங்கோ அடியில் காவலாளியின் குரல், “மீட்டர் பெட்டி எரியுது, மேல யாராச்சும் இருந்தா எறங்கிடுங்க” என்று கத்திக் கத்திக் கம்மியிருந்தது. கதவைச் சாத்தினான்.

அந்தக் கட்டடத்துக்குப் படிக்கட்டு ஒன்றுதான், லிஃப்ட் கிடையாது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு, அதன் சாவி கீழே காவலாளியிடம். சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. மற்ற வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். ஒருவருக்கு ஒரு கால், இன்னொருவனுக்கு ஒரு கை.

“ஃபயர் எஞ்சின் வரும் மாமா” என்றான். சொல்லும்போதே பல் தந்தியடித்தது. கொக்கியும் டக், டக் என்றது.

மாமனாருக்கு இருமல் கிளம்பிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது வர்றப்போ நாம இருக்கணுமே” என்றார்.

கட்டில் விரிப்பை உருவினான். அவரை எழுப்பி உட்காரவைத்து, முதுகைக் காட்டிக் குனிந்து, விரிப்பை அவர் இடுப்புக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனைகளையும் தன் அக்குள் வழியாக முன்னால் கொண்டுவந்தான். அங்கே முடிச்சுப் போட வேண்டும். ஒரு முனையைக் கொக்கி பிடித்துக்கொள்ள, மறு முனையைக் கை சுற்ற வேண்டும். தினமும் கடையில் காகிதக் கட்டுக்குப் போடுகிற அதே முடிச்சுதான். இப்போது நான்கு தடவை முயன்றும் விழவில்லை. சுற்றி வருவதற்குள் டக், முனை நழுவும். மறுபடி டக். கடைசியில் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, கொக்கியின் வளைவுக்குள் திணித்து மாட்டிக்கொண்டான்.

“அந்தச் சாமானை நம்பியா என்னத் தூக்கப் போறீங்க” என்றது காதுக்குப் பக்கத்தில் குரல்.

“வேற கை இல்ல மாமா.”

ஈரத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தான். மாமனார் இளைத்துத் துரும்பாகத்தான் இருந்தார், ஆனாலும் அவர் மூச்சு பிடரியில் பட்டுப் பட்டு இன்னும் கனத்தது. ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினான். கண்ணைத் திறந்தால் எரிந்தது, மூடினால் பயமாக இருந்தது. தோளைத் தளர்த்து, தோளைத் தளர்த்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தான். பயந்தவனிடம் தோளைத் தளர்த்தச் சொல்வது, விக்குகிறவனிடம் விக்காதே என்று சொல்வது மாதிரிதான்.

இரண்டாம் மாடியின் நடைக்கு வந்திருப்பார்கள். கீழே ஏதோ வெடித்தது. சுவரே அதிர்ந்தது.

டக்.

விரிப்பு பாம்புபோல நழுவியது. மாமனார் முதுகிலிருந்து சரிந்து படியில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். ‘அம்மா’ என்று ஒரு முனகல். இவன் திரும்பியிருக்க வேண்டும், குனிந்து தூக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. கால் தன்பாட்டுக்கு ஓடியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான் என்பார்களே, அதுதான். இவனுக்கு இருந்த ஒரு கையில் துண்டு, இன்னொன்றில் எதுவும் நிற்காது. ஆனாலும் ஓடினான்.

கைப்பிடிக் கம்பி இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. புகையில் வேறு வழி தெரியாது. கொக்கியைக் கம்பியில் மாட்டி, அதை வழுக்கவிட்டுக்கொண்டே இறங்கினான். கம்பி அவன் இடுப்பு உயரம்கூட இல்லை. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, கீழ்த்தளம்வரை வெறும் பள்ளம். ஒரு திருப்பம் முடிந்தது. இன்னும் ஒரு திருப்பம் முடிந்தால் வாசல் வெளிச்சம் தெரிந்துவிடும்.

அங்கேதான் நின்றான்.

ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. விசில் கேட்கவில்லை. தண்ணீருக்கு ஊதுவார், விசிறிக்கு ஊதுவார், தலையணை ஒரு பக்கம் சரிந்தால் ஊதுவார். நட்டநடுப் படியில், புகையில், தனியாக விட்டுவிட்டு வந்தாயிற்று, இப்போது ஊதவில்லை. செத்துப்போய்விட்டாரா? அந்த விசிலைக் கேட்டு இத்தனை நாளும் பயந்தவன், கேட்காமல் போனதற்கு அதைவிடப் பயந்தான்.

தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவனுக்கு அப்போது மண்டையில் ஓடியதெல்லாம் ஒரே ஒரு அசட்டு நினைப்புதான்: நகம் வெட்டவில்லையே. வாசலில் போய் நின்றால் அவள் வருவாள். அப்பா எங்கே என்று கேட்பாள். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? நெருப்பைவிட அந்த முகத்துக்குப் பயந்து மேலே ஏறினான். அழுதுகொண்டேதான் ஏறினான்.

மாமனார் விழுந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வாயில் விசில். பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டிருந்தாரே தவிர ஊதவில்லை. இவனைப் பார்த்ததும் விசிலை எடுத்தார்.

“வந்துட்டீங்களா” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. குரல் நடுங்கியது. டிரில் மாஸ்டரின் குரல் நடுங்கி அவன் கேட்டதே இல்லை.

“மன்னிச்சிடுங்க மாமா.”

“அதெல்லாம் கீழ போய்ப் பாத்துக்கலாம். தூக்குங்க. எனக்குப் பயமா இருக்கு மாப்ள.”

மறுபடி விரிப்பு, மறுபடி முதுகு. முனைகளை முறுக்கி, இந்தமுறை வலது கையாலேயே கொக்கி விரலை அமுக்கித் திறந்து உள்ளே திணித்தான். கொக்கி மூடியது. உடனே அவருடைய கனம் முதுகுப் பட்டையில் இறங்கியது. கம்பி இழுபட்டது. கொக்கி மெல்ல வாயைத் திறக்கப் பார்த்தது. இன்னொரு சத்தம் கேட்டால் மறுபடி விழுவார். மறுபடி விழுந்தால் இவனும் மறுபடி ஓடுவான். அது அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. தன்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததிலேயே அவன் ரொம்பப் பயந்தது அதற்குத்தான்.

கொக்கியை நெஞ்சோடு அணைத்தான். நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் கம்பி கொஞ்சம் தொய்யும்.

“மாமா, கொக்கிக்குப் பக்கத்துல ஒரு பின் இருக்கு பாருங்க. வளையம் வச்ச பின். அத உருவிடுங்க.”

“நீங்களே உருவக்கூடாதா?”

“கை நடுங்குது. பிடிக்க முடியல.”

பிறகு மாமனாரின் வலது கை அவன் தோளுக்கு மேலாக வந்தது. நீளமாக வளர்ந்த நகங்கள். அவை எஃகில் பட்டன, தயங்கின, மறுபடி பட்டன. கொக்கியின் முழு உடம்பையும் தடவிப் பார்த்து, அடிப்பக்கம் ரப்பர் வளையங்களைத் தாண்டி, அந்தச் சின்ன வளையத்தைக் கண்டுபிடித்தன. வெட்டாமல் விட்ட நகம்தான் உள்ளே நுழைந்து நெம்பியது. பின் வந்துவிட்டது.

“உருவிட்டேன். இப்ப என்ன ஆகும்?”

“இனிமே நானே நெனச்சாலும் விட முடியாது மாமா.”

இறங்கினான். வலது உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இறங்கினான். சுவர் சுட்டது. முதல் மாடியில் புகை கெட்டியாக இருந்தது, விழுங்குவதுபோல்தான் மூச்சு விட வேண்டியிருந்தது. எங்கோ கண்ணாடி உடைந்தது. தோள் சுருங்கியது, கம்பி முதுகில் வெறுமனே இழுபட்டு வெறுமனே திரும்பி வந்தது. கொக்கி சும்மா இருந்தது. மறுபடி ஏதோ படபடவென்று வெடித்தது. தோள் காதுவரை ஏறியது. கொக்கி சும்மா இருந்தது. பயம் பாட்டுக்குப் பயமாக இருந்தது, பிடி பாட்டுக்குப் பிடியாக இருந்தது. அவனுக்கு அது புது அனுபவம்.

கீழ்த்தளத்தில் படிக்கட்டின் பக்கத்துச் சுவர்தான் எரிந்துகொண்டிருந்தது. வரிசையாக மீட்டர்கள் உருகித் தொங்கின. நீலமாகப் பொறி பறந்தது. தாண்டிப் போக நாலு எட்டு இருந்தால் அதிகம். முதுகு நெருப்புப் பக்கம் போகாதபடி, மாமனாரை எதிர்ச்சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தான். நெருப்புக்கு முன்னால் போனது பிளாஸ்டிக் கைதான். அது கொப்புளித்த வாசனை மூக்கில் ஏறியது. சட்டை வாசனை மாதிரியேதான் இருந்தது.

வெளியே வந்து விழுந்தபோது காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். கனத்தில் இறுகிப்போயிருந்த விரிப்பைக் கொக்கியிலிருந்து எடுக்க மூன்று பேர் சேர்ந்து முயன்றார்கள். முடியாமல் கத்தரிக்கோல் கொண்டுவந்து துணியை வெட்டினார்கள்.

நெருப்பு அணைந்தும் வீட்டுக்குப் போக வழியில்லை. மாமனாரை எதிரே ஜெராக்ஸ் கடைக்குள் கொண்டுவந்து, கைவைத்த நாற்காலியில் காகிதக் கட்டுகளை முட்டுக் கொடுத்து உட்காரவைத்தார்கள். மனைவி ஆஸ்பத்திரி உடுப்போடு ஓடிவந்தாள். அப்பாவின் நாடியைப் பார்த்தாள், முதுகைத் தடவினாள், கணவனின் கண்ணை இழுத்துப் பார்த்தாள். கை நிற்காமல் வேலை செய்தது. கடைசியில்தான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மாலைவரை ஆட்கள் வந்துபோனார்கள். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தது கொப்புளித்துப்போன அந்தக் கையை. கேட்டது ஒரே கேள்வி. மனைவியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதையேதான் கேட்டாள்.

“ரொம்பப் பயந்துட்டீங்களா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

“யாரு, மாப்ளையா? மூணு மாடி எறங்கினோம். அந்தக் கொக்கி ஒரு சத்தம் போடணுமே. ம்ஹூம். நான் முதுகுலதானே இருந்தேன், எனக்குத் தெரியாதா?”

“ஆமாங்க, நாங்க மூணு பேரு இழுத்தும் தெறக்கல” என்றார் காவலாளி.

“இல்ல, நான் நடுவுல...” என்று ஆரம்பித்தான் மருமகன்.

மாமனார் விசிலை வாயில் வைத்து ஓங்கி ஊதினார். கடைக்குள் எல்லோரும் துள்ளினார்கள். காவலாளி தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். மருமகனும்தான் துள்ளினான், தோள் குறுகியது, நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் கொக்கி மூடியபடியே இருந்தது.

“பாத்தீங்களா” என்றார் மாமனார் எல்லோரையும் பார்த்து. “இந்த வீட்லயே பயப்படாத ஆளு அவருதான்.”

அவருடைய வலது கை முட்டி மூடியே இருந்தது. பின் அதற்குள் இருந்தது. காலையில் கண்ட ஆளா இவர் என்று மனைவி அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். ராத்திரிக்கு எங்கே தங்குவது என்று தம்பிக்குப் போன் செய்ய வாசலுக்குப் போனாள். காவலாளியும் கிளம்பினார். கடையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

மருமகன் காகிதப் பெட்டிமேல் உட்கார்ந்தான். மேஜை டிராயரிலிருந்து நகவெட்டியை எடுத்தான். மாமனாரின் விழுந்துபோன இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக வெட்டினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“மாமா.”

“ம்.”

“நான் விட்டுட்டு ஓடினேன்ல.”

“ம்.”

“அப்ப ஏன் விசில் ஊதல? வாயிலதான் வச்சிருந்தீங்க. ஊதியிருந்தா அப்பவே திரும்பியிருப்பேனே.”



“ஊதத்தான் வச்சேன்” என்றார். “அப்ப கொக்கி கைப்பிடிக் கம்பியில உரசிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு. நீங்க அதைப் பிடிச்சிட்டுல்ல எறங்கிட்டிருந்தீங்க. நான் ஊதினா விட்டுருவீங்க. அந்தப் பக்கம் பள்ளம்.”

நகவெட்டி நின்றுவிட்டது. மருமகன் நிமிரவில்லை.

மாமனார் முட்டியைத் திறந்தார். பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, கொப்புளித்த கையைத் தன் பக்கமாக இழுத்து, கொக்கியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, தொங்கிக்கிடந்த கம்பியைத் தடவி எடுத்து ஓட்டைக்கு நேராக வைத்து, பின்னை உள்ளே தள்ளினார். நிதானமாகத்தான் செய்தார்.

திடுக்கிடும்போது மட்டும் தோள் குறுகுவதில்லை. அழும்போதும் குலுங்கும். டக். டக். டக். சத்தம் கடையைத் தாண்டி வாசல்வரை கேட்டது.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இப்ப எதுக்குப் பயப்படுறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா” என்றார் மாமனார், கொக்கியை விடாமல். “பின் மாட்டிவிட்டேன். சரியா வேல செய்யுதான்னு பாக்குறாரு.”